விசையும் வேகமும்: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருக்கிறோம். தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவது வழக்கம். மகள் குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் இருக்கிறாள். துப்பாக்கியை வேகமாகச் சுட வைக்கும் கருவிகளை அங்கே மாநில அரசே தடை செய்திருப்பதாகச் சொல்கிறாள். தமிழ்நாடு அரசு அப்படியொரு சட்டம் கொண்டுவர முடியுமா?

– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: முடியாது. ஆயுதங்களும் வெடிபொருள்களும் நம் அரசியலமைப்பில் மத்தியப் பட்டியலின் 5-ஆவது இனமாக இருப்பதால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே நாடு முழுவதற்கும் பொருந்தும். அமெரிக்காவில் மத்திய அரசும் மாநிலங்களும் தனித்தனியே துப்பாக்கிச் சட்டம் இயற்றலாம்.

உங்கள் துப்பாக்கியில் இரண்டு முறை சுட்டதும் குழலை மடித்துத் தோட்டா மாற்ற வேண்டும். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் நகரில் ஒருவன் ஏறத்தாழ பத்தே நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். இசை கேட்க வந்த 58 பேர் இறந்தனர், பின்னர் அந்தக் காயங்களாலேயே மேலும் இருவர் இறந்தனர். அவன் பயன்படுத்திய 'பம்ப் ஸ்டாக்' என்பது துப்பாக்கியின் பின்கட்டைக்குப் பதிலாகப் பொருத்தும் ஒரு கட்டை. சுடும்போது எழும் பின்னுதைப்பால் துப்பாக்கி அதற்குள் முன்னும் பின்னும் சறுக்க, அசையாமல் வைத்திருக்கும் விரலில் விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் 'டிரிக்கர்') தானாகவே வந்து வந்து மோதும்.

இதை இயந்திரத் துப்பாக்கியாகக் கருதித் தடைசெய்ய 2018 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு விதி வகுத்தது. விசையின் ஒரே இயக்கத்தில் பல குண்டுகள் பாய்ந்தால்தான் அது இயந்திரத் துப்பாக்கி என்பது 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம். பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனியே இயங்குகிறது என்று கூறி, 2024 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் அந்த விதியை நீக்கிவிட்டது. மாநிலச் சட்டங்களை அத்தீர்ப்பு தொடவில்லை. பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட மறுமாதமே, 2018 மார்ச்சில், ஃபுளோரிடா இயற்றிய சட்டம் விசையைப் பற்றிப் பேசாமல், கருவியின் துணையின்றி ஒருவர் சுடக்கூடிய வேகத்தை மிஞ்சச் செய்யும் எந்தக் கருவியையும் தடுக்கிறது. சரியான வரையறை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. குண்டு பட்டவருக்கு விசை எத்தனை முறை இயங்கியது என்பதா பெரிது?

நம் சட்டத்தின் வரையறையும் விசையைச் சார்ந்தே இருப்பது எனக்குக் கவலை தருகிறது. விசையை அழுத்தியதும், அழுத்தத்தை விடும்வரையோ தோட்டாக்கள் தீரும்வரையோ தொடர்ந்து சுடும் துப்பாக்கியே தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிறது அது. ஆயினும் பிற ஆயுதங்களையும் அரசிதழ் அறிவிக்கை வழியே அப்பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. வேகத்தைக் கூட்டும் கருவி பொருத்திய துப்பாக்கிகளை, ஓர் உயிரும் போவதற்கு முன்பே, அது வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும்.

உரிமமின்றித் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் இச்சட்டப்படி குற்றம். ஆகவே உங்கள் பழைய துப்பாக்கியின் கட்டையில் விரிசல் விழுந்தால்கூட, ஊர்த் தச்சரிடம் கொடுக்காமல், உரிமம் பெற்றவரிடமே கொண்டு செல்லுங்கள்.