கொச்சி கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்தேன், பணம் வரவில்லை. வேலையிழப்பு உதவி கிடைக்குமா?

செங்கோட்டையில் வீட்டிலிருந்தே கொச்சி கம்பெனிக்கு டிசைன் செய்தீர்கள். இரண்டு பில் நிலுவை, இப்போது வேலையும் இல்லை, ஒப்பந்தத்தில் 'ஃப்ரீலான்ஸர்' என்றிருக்கிறது. இதுதானே கேள்வி?

உதவித்தொகைக்கு வாய்ப்பு குறைவு. ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டின் அடல் திட்டம் வேலை இழந்தவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 50 சதவீதத்தை 90 நாள் வரை தரும். ஆனால் உங்கள் பேரில் ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டியிருக்க வேண்டும். ஃப்ரீலான்ஸருக்கு யார் கட்டுகிறார்கள்?

அதற்காக ஒப்பந்தத்தில் போட்ட பெயரே முடிவு என்று நினைக்காதீர்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்கிய ஹைதராபாத் தையல்காரர்களை 1973-இல் உச்ச நீதிமன்றம் ஊழியர்கள் என்றே சொன்னது. காரணம், மெஷின் கடையுடையது, சரியில்லையென்றால் மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரமும் கடைக்காரருடையது. உங்களுக்கும் லாகின் நேரம், லீவுக்கு அனுமதி, கம்பெனி லேப்டாப் என்று இருந்ததா? மெயிலை முடக்குவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

சரி, பணம். கம்பெனி வேலை கொடுக்கும் முன்பே உங்களுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்திருந்தால் 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கைகொடுக்கும். 45 நாளுக்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. வழக்குக்காக ஆரியங்காவைத் தாண்டி கேரளாவுக்குப் போகவும் வேண்டாம். பில் போட்டவர் இருக்கும் ஊருக்கான, அந்தச் சட்டப்படி அமைந்த கவுன்சிலே விசாரிக்கலாம். பதிவு இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. 3 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒன்று மட்டும்: இங்கே 'நான் தனித் தொழில் செய்பவர்', அங்கே 'நான் ஊழியர்' என்று இரண்டு மனு போடாதீர்கள். எதிர் வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.