ஹிரோஷிமா பாட்டியிடம் கேட்ட கேள்வி

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் சென்றபோது ஹிரோஷிமாவில் ஒரு குடும்பத்துடன் தங்கினேன். அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் அழுதுவிட்டுத் திரும்பிய மாலையில், அந்த வீட்டுப் பாட்டியிடம், “அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல எனக்கு மதிய உணவு கட்டிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா? பள்ளியில் பயணத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள், இதையும் சொல்லலாமா?
– ஒரு மாணவி, கோவை

பதில்: 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை 8.15 மணிக்கு அணுகுண்டு விழுந்தபோது அந்தப் பாட்டி எங்கே இருந்தார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிறுமியாக அந்நகரத்திலேயே இருந்திருக்கலாம். பிற்பாடு வாழ்க்கைப்பட்டு அங்கே வந்தவராகவும் இருக்கலாம். ஆகவே அவர் எழுந்து போனதற்கு நாமாக ஒரு கதை கட்டிவிட வேண்டாம்.

ஆனால் இந்த மௌனம் ஹிரோஷிமாவுக்குப் புதிதன்று. குண்டு விழுந்த மறுமாதமே, ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கத் தலைமையிலான நிர்வாகம் பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்தது. உயிர் பிழைத்தவர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டம் 1957இல்தான் வந்தது. இவற்றைவிடக் கொடியது, கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் நோய் மற்றவர்க்கும் தொற்றும், பிறக்கும் பிள்ளைகளையும் பீடிக்கும் என்று ஊரார் கொண்ட அச்சம். அதனால் பலருக்கு வேலை மறுக்கப்பட்டது, வரன்கள் தட்டிப்போயின; மகள் அன்று நகரத்தில் இருந்தாள் என்பதையே மறைத்த பெற்றோரும் உண்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தம் பிள்ளைகளிடம்கூடப் பல்லாண்டுகள் வாய் திறக்காதவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, சில நாள் விருந்தாளியான உங்களுக்குப் பதில் கிடைக்காததில் வியப்பில்லை. அதைக் கோபம் என்று கொள்ளவும் வேண்டியதில்லை. மறுநாள் உணவு கட்டிக் கொடுத்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

கடிதம் எழுதுங்கள், ஆனால் அது மன்னிப்புக் கடிதமாக இருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டால், அவர் மூடி வைத்ததை மறுபடி திறந்து, “பரவாயில்லை” என்று சொல்லும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டுகிறீர்கள். தங்கிச் சென்றவர்கள் நன்றி தெரிவித்து எழுதுவது ஜப்பானில் வழக்கம் என்பதால், நீங்கள் எழுதுவதற்குத் தனிக் காரணம் எதுவும் தேவையில்லை. அவர் சமைத்தவற்றில் உங்களுக்குப் பிடித்தவை, அந்த வீட்டில் நீங்கள் கற்றுக்கொண்டவை, இப்போதைய உங்கள் படிப்பு ஆகியவற்றைச் சொல்லி, கையால் எழுதுங்கள். அந்த மாலையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். என்றாவது அவராக அதைப் பற்றி எழுதினால், அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பேச்சைப் பொறுத்தவரை என் பதில் கண்டிப்பானது: பாட்டியைப் பற்றிப் பேசக் கூடாது, பெயரை மறைத்தும் கூடாது. அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்த கருகிய உணவுப் பெட்டி, ஷிகேரு ஒரிமென் என்ற பள்ளி மாணவனுடையது. மகனின் உடலோடு அதைக் கண்டெடுத்தவர் அவனுடைய தாய். நான்கு வயதுகூட நிறையாத ஷினிச்சி தெத்சுதானியைத் தோட்டத்தில் புதைத்தபோது தந்தை அவனுடைய மூன்று சக்கர வண்டியையும் உடன் வைத்தார். 1985இல் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்துக்கு அளித்தார். உலகம் பார்க்கட்டும் என்று பெற்றவர்களே முன்வந்து ஒப்படைத்தவை இவை. தம் அனுபவங்களைப் பொது மேடைகளில் சொல்லிவந்தவர்களும் பலர். அத்தகையோரின் அமைப்பான நிஹோன் ஹிடான்க்யோ 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. நினைவுகளை அடுத்த தலைமுறையினர் எடுத்துச் சொல்வதற்காக, 2012 முதல் ஹிரோஷிமா நகராட்சியே ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறது. உங்கள் பேச்சுக்கு இவையே போதும், தாராளமாகப் போதும். பாட்டி எதையும் உங்களிடம் ஒப்படைக்கவில்லை. எனவே அவரைப் பற்றிச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு வந்துவிடவில்லை.

அழுததைச் சொல்லலாம், அது உங்களுடையது. பேச்சு முடிந்ததும், “உயிர் பிழைத்தவர் யாரையாவது சந்தித்தாயா?” என்று நிச்சயம் எவராவது கேட்பார். ஹிரோஷிமாவில் ஒரு குடும்பத்துடன் தங்கியிருந்ததாகவும், அவர்கள் உங்களை அன்பாகப் பார்த்துக்கொண்டதாகவும் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.