கீபோர்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் பழைய கீபோர்டுகள் மேல் எனக்கு ஆசை வந்தது. இணையத்தில் ஒருவர் 101 கீ கொண்ட ஐபிஎம் கீபோர்டு ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். ‘சோதித்துப் பார்த்தது, நன்றாக வேலை செய்கிறது, கிடைப்பதற்கு அரியது, கேபிள் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். ஒரே ஒரு படம், மேலிருந்து எடுத்தது. உடல் மஞ்சள் பூத்திருக்கிறது. வாங்கலாமா?

போன மாதம் இப்படித்தான் ஒரு பழைய உருண்டை மவுஸ் வாங்கினேன். பச்சை நிற யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் அம்புக்குறி அசையவே இல்லை. விற்றவரைக் கேட்டால் ‘என்னிடம் வேலை செய்ததே’ என்கிறார். நண்பர்கள் சிரிக்கிறார்கள். இந்தப் பொருட்களை வாங்குவதே தவறா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த மவுஸ். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நல்ல நிலையில் இருக்கலாம். விற்றவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். நீங்கள் மாட்டிய பச்சை அடாப்டருக்குள் சில கம்பிகள் மட்டுமே இருக்கின்றன. சிப் எதுவும் கிடையாது. பிஎஸ்/2 (பழைய கணினிகளின் வட்டத் துளை), யுஎஸ்பி இரண்டு மொழியும் தெரிந்த மவுஸ்களுக்காகச் செய்யப்பட்டது அது. இருமொழி மவுஸ் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்று தானே கண்டுபிடித்து அதற்கேற்பப் பேசும். அதற்கு முந்தைய மவுஸுக்கு பிஎஸ்/2 மட்டும்தான் தெரியும். அதற்கு உள்ளே சிப் வைத்து மொழிபெயர்க்கும் கன்வெர்ட்டர் வேண்டும். அதை வாங்கி மாட்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அடிப்பக்க வளையத்தைத் திருகி உருண்டையை வெளியே எடுங்கள். உள்ளே இரண்டு சிறு உருளைகள் இருக்கும். அவற்றின் நடுவே அழுக்கு நாடா போலச் சுற்றிக் கெட்டிப்பட்டிருக்கும். பல்குத்தும் குச்சியால் சுரண்டினாலே வந்துவிடும். பாதி மவுஸ்களின் நோய் இதுதான்.

இப்போது கீபோர்டு. விற்பவர் கேபிள் இல்லை என்கிறார், சோதித்தேன் என்றும் சொல்கிறார். வேறொரு கேபிள் கைவசம் இருந்தாலொழிய இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. சண்டை போடாமல் ‘எந்தக் கேபிளில் சோதித்தீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். கேபிள் இல்லாதது பெரிய குறை இல்லை. உங்களுடையது மாடல் எம் (ஐபிஎம்மின் புகழ்பெற்ற ஸ்பிரிங் கீபோர்டு வகை) என்றால், அந்த வகையில் பலவற்றுக்குக் கழற்றி மாட்டும் கேபிள்தான். எஸ்டிஎல் என்று தேடினால் தனியாகவே கிடைக்கும்.

அடுத்து, மேலிருந்து எடுத்த அந்தப் படத்தை மறந்துவிட்டு, கீபோர்டைக் கவிழ்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய கீபோர்டின் ஜாதகம் முதுகில்தான் இருக்கிறது. மாடல் எம் என்றால் அங்கே ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். மாடல் எண், செய்த தேதி எல்லாம் அதில் இருக்கும். 1391401 என்றிருந்தால் அமெரிக்க எழுத்தமைப்பு கொண்ட, மிகப் பரவலாக விற்ற வகை. அதை ‘கிடைப்பதற்கு அரியது’ என்று சொல்லி விலை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால் நான் தயங்குவேன். திருகாணிகளைச் சுற்றித் துரு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். துரு இருந்தால் ஈரமான இடத்தில் கிடந்திருக்கிறது, அல்லது மேலே எதையோ கொட்டியிருக்கிறார்கள்.

ஒரு கீயை மட்டும் மேல்நோக்கி இழுத்துக் கழற்றிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சிலவற்றில் கீ இரண்டு அடுக்காக இருக்கும், இரண்டையுமே கழற்ற வேண்டும். உள்ளே குழாய்க்குள் ஸ்பிரிங் நிற்க வேண்டும். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1991-ல் ஐபிஎம்மிடமிருந்து லெக்ஸ்மார்க் என்ற நிறுவனம் பிரிந்து வந்த பிறகு, கிட்டத்தட்ட அதே உடலுக்குள் ரப்பர் குமிழ் வைத்த கீபோர்டுகளும் வந்தன. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எத்தனையோ பேர் அந்த ஸ்பிரிங்குக்காகப் பணம் கட்டிவிட்டு ரப்பரை வாங்கியிருக்கிறார்கள்.

அந்த ஸ்பிரிங்குக்காக ஏன் இவ்வளவு பாடு? விரல் அழுத்த அழுத்த ஸ்பிரிங் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று பக்கவாட்டில் வளைகிறது. வளைந்த வேகத்தில் குழாயின் சுவரில் அடிக்கிறது. அந்த ‘டக்’ ஓசை அங்கிருந்துதான் வருகிறது. அதே வளைவு கீழே உள்ள சிறு சுத்தியலைச் சாய்க்க, எழுத்து பதிவாகிறது. ஓசை, விரலில் படும் துள்ளல், எழுத்து பதிவாவது எல்லாம் ஒரே கணத்தில். ரப்பர் குமிழில் இந்த மூன்றும் ஒட்டாமல் கிடக்கும். அடிவரை அழுத்தினால்தான் நம்பிக்கை வரும். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. நான் நீண்ட கட்டுரைகளை எழுதுவது இன்றும் ஸ்பிரிங் கீபோர்டில்தான்.

மஞ்சளைப் பற்றிப் பயப்படாதீர்கள். உடல் பிளாஸ்டிக். புற ஊதா ஒளி பட்டுப் பட்டு நிறம் மாறுகிறது, உறுதி போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாடல் எம்மின் கீகள் பிபிடி பிளாஸ்டிக். அது மஞ்சளாகாது. எழுத்துகளும் மேலே அச்சிட்டவை அல்ல, சாயமாக உள்ளே இறங்கியவை, அதனால் தேய்ந்து போகாது. ஆப்பிளின் பழைய எக்ஸ்டெண்டட் கீபோர்டில் ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளாகி மற்ற கீகள் வெளுப்பாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒன்று மட்டும் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக், மற்றவை பிபிடி. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. சீராகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும், நாளடைவில் மஞ்சள் திரும்பியும் வரும். வயது தெரிந்தால் தெரியட்டுமே.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. மாடல் எம்முக்குள் ஸ்பிரிங்குகள் நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தையும் பின்பக்க இரும்புத் தகட்டையும் சேர்த்துப் பிடிப்பவை சின்னச் சின்ன பிளாஸ்டிக் ரிவெட்டுகள். வயதானால் அவற்றின் தலை உடைந்து விழும். சில உடைந்தால் பரவாயில்லை. ஒரே இடத்தில் பல போய்விட்டால் தகடு விலகி, அந்தப் பக்கத்துக் கீகள் மந்தமாகிவிடும். ஒருமுறை எனக்கு ஒரு கீபோர்டு மெல்லிய குமிழி உறையில் ஒரு சுற்று மட்டும் சுற்றி வந்து சேர்ந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் அது. கையில் எடுத்துச் சாய்த்ததும் உள்ளே அரிசி கொட்டுவது போல ஓசை. ஓசை முழுக்க ரிவெட்டுத் தலைகள். விற்றவர் ஏமாற்றவில்லை, அவர் அனுப்பும்போது முழுதாக இருந்த ரிவெட்டுகள் வழியில் விழுந்த அடியில் போயின. மிச்ச ரிவெட்டுகளையும் சீவி, ஒவ்வொரு இடத்திலும் துளை போட்டு, பொடி ஸ்குரூவும் நட்டும் மாட்டி மீட்டேன். இரண்டு முழு நாள் ஆனது. அன்றிலிருந்து விலை பேசுவதற்கு முன்பே பொதி கட்டுவதைப் பேசிவிடுகிறேன். கெட்டி அட்டைப் பெட்டி, எல்லாப் பக்கமும் நெருக்கமாக அடைப்பு, உள்ளே கீபோர்டு நகரவே கூடாது. அதற்கு ஆகும் கூடுதல் செலவை நானே தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். விற்பவரை, சாய்த்து ஆட்டிப் பார்த்து ஓசை வருகிறதா என்றும் சொல்லச் சொல்லுங்கள்.

சோதித்தேன் என்பவர்கள் பலர், விளக்கு எரிந்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எல்லாக் கீயையும் அழுத்திக் காட்டும் வீடியோ கேளுங்கள். ஒரு கீ மட்டும் செத்திருந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும், சரிசெய்யலாம். சேர்ந்தாற்போல் பல கீகள் பேசவில்லை என்றால் உள்ளே கீ அழுத்தத்தை உணரும் மெம்பிரேன் தாளின் மின் தடங்கள் அரித்திருக்கும். முதல் கீபோர்டாக அதை வாங்காதீர்கள்.

மாடல் எம்மில் மனம் திருப்தியாகி, 1981-ல் ஐபிஎம்மின் முதல் பிசியோடு வந்த மாடல் எஃப்புக்கு ஆசை தாவும். எல்லோருக்கும் தாவுகிறது. அப்போது இதை நினைவில் வையுங்கள். முதல் பிசியின் 83 கீ கீபோர்டுக்கும் 1984-ல் வந்த ஏடி என்ற அடுத்த பிசியின் 84 கீ கீபோர்டுக்கும் ஒரே வட்டமான ஐந்து பின் பிளக்தான். பேசும் மொழி வேறு. ஏடி மொழியை பிஎஸ்/2 அப்படியே எடுத்துக்கொண்டது, அதனால் அதற்கு வெறும் பிளக் மாற்றியே போதும். 83 கீக்கு அது உதவாது. மேற்பரப்பைப் பார்த்தே பிரித்துவிடலாம். 83 கீயில் கேப்ஸ் லாக் விளக்கு இருக்காது. கணினி திரும்பிப் பேசி விளக்கை எரியச் சொல்லும் வழி அந்த மொழியில் இல்லை. இப்படி ஒரு காரணத்தைத் தெரிந்துகொண்டால் எண்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

பழைய ஆப்பிள் கீபோர்டுகளில் இருக்கும் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் ஸ்விட்சுகள் அருமையானவை, ஆனால் தூசி அவற்றைக் கெடுத்துவிடும். உள்ளே ஒருமுறை கரகரப்பு ஏறிவிட்டால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பழைய வழவழப்பு வராது. பெட்டிக்குள் இருந்ததா, திறந்த அலமாரியில் கிடந்ததா என்று கேட்காமல் அதை வாங்காதீர்கள். தூசி விஷயத்தில் ஸ்பிரிங் எவ்வளவோ மேல். அதனால்தான் தொடங்குபவருக்கு மாடல் எம் என்கிறேன்.

மவுஸைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. பழைய கீபோர்டு இன்றைய வேலைக்கும் உதவும். உருண்டை மவுஸ், கூடவே பழைய கணினியும் வைத்திருப்பவருக்குத்தான். ஒன்பது துளை பிளக்கைப் பார்த்து சீரியல் மவுஸ் (பழைய பிசி மவுஸ்) என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அமிகா, அடாரி எஸ்டி என்ற வேறு பழைய கணினிகளின் மவுஸ்களுக்கும் அதே வடிவம். சன் நிறுவனத்தின் பழைய கணினிகளின் ஒளி மவுஸ் இரண்டு நிறக் கோடுகள் கட்டம் போட்ட தன் தனிப் பலகை மேல்தான் ஓடும். பலகை இல்லாமல் விற்றால் அது காட்சிப் பொருள்.

வந்ததும் ஆர்வத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஎஸ்/2 துளையில் செருகாதீர்கள். போர்ட்டே போய்விடக்கூடும். அணைத்துவிட்டுச் செருகுங்கள். 101 கீயில் விண்டோஸ் கீ கிடையாது, சில கன்வெர்ட்டர்களில் கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். இத்தனை பாடு வேண்டாம், ஸ்பிரிங் மட்டும் போதும் என்றால் யூனிகாம்ப் என்ற நிறுவனம் அதே வகையைப் புதிதாகவே செய்து விற்கிறது. அதை வாங்குவதிலும் குறைவொன்றுமில்லை.

இந்த வாரம் பணம் அனுப்பிவிடாதீர்கள். முதுகின் படமும் கழற்றிய கீயின் படமும் வரட்டும். லேபிளில் உள்ள எண்ணை எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.