பழைய ஓனர் விற்ற கிஃப்ட் சர்டிபிகேட்டுக்கு நான் ஏன் மசாஜ் செய்ய வேண்டும்?

கேள்வி: கலிபோர்னியாவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு சலூனையும் அதோடு சேர்ந்த ஸ்பாவையும் போன வருடம் விலைக்கு வாங்கினேன். போர்டு, போன் நம்பர், வெப்சைட் எதையும் மாற்றவில்லை. பழைய ஓனர் விற்ற கிஃப்ட் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் யாராவது வருகிறார்கள். சிலவற்றில் ‘6 மாதத்துக்குள் பயன்படுத்தவும்’ என்று இருக்கிறது. அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது. சிலவற்றில் தொகையே இல்லை, ‘ஒரு மணி நேர மசாஜ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சென்ட்கூட நான் பார்க்கவில்லை. இவர்களைத் திருப்பி அனுப்பலாமா? டிசம்பருக்கு நானும் சர்டிபிகேட் விற்கப்போகிறேன். அதில் என்ன அச்சிட வேண்டும்?

பதில்: தேதி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் வாதாட இடமே இல்லை. கலிபோர்னியா சிவில் கோடின் 1749.5-ஆம் பிரிவு, காசு வாங்கிக்கொண்டு விற்கும் கிஃப்ட் சர்டிபிகேட்டில் காலாவதித் தேதி போடுவதையே தடுக்கிறது. வாங்கியவர் ‘6 மாதத்துக்குச் சம்மதம்’ என்று கையெழுத்தே போட்டிருந்தாலும் அது செல்லாது. அப்படி உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்று அடுத்த பிரிவே சொல்கிறது. ‘ஃபெடரல் சட்டப்படி 5 வருடம்தானே’ என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 2009-இல் வந்த கார்டு ஆக்ட் சொல்லும் அந்த 5 வருடம் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சம் மட்டுமே. மாநிலச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் நிற்கும். நியூயார்க்கில் 9 வருடம், மாசசூசெட்ஸில் 7. உங்கள் மாநிலத்தில் முடிவே கிடையாது.

அடுத்து, தொகை எழுதாத ‘ஒரு மணி நேர மசாஜ்’ சீட்டு. ஃபெடரல் விதிகளுக்கான அதிகாரபூர்வ விளக்கக் குறிப்பு உங்கள் தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறது. ஸ்பா சிகிச்சை என்று மட்டும் எழுதிய சீட்டில் குறிப்பிட்ட தொகை இல்லாததால் பெரும்பாலும் ஃபெடரல் விதிக்குள் வராது. ‘50 டாலர் வரையிலான ஸ்பா சிகிச்சை’ என்று எழுதிவிட்டால் வந்துவிடும். இதைப் படித்துவிட்டு, தொகை போடாமல் விட்டால் தப்பிக்கலாம் என்று சில கடைக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். தப்பான கணக்கு. கலிபோர்னியா சட்டம் சேவைக்கான சீட்டை விலக்கி வைக்கவில்லை. போதாக்குறைக்கு, மசாஜ் 80 டாலராக இருந்தபோது விற்ற சீட்டை, விலை 110 ஆன பிறகு கொண்டுவந்தாலும் ஒரு மணி நேர மசாஜ் என்றுதான் எழுதியிருக்கும். தெளிவில்லாத வாசகத்தை, அதை எழுதியவருக்கு எதிராகத்தான் கோர்ட் படிக்கும். அந்த 30 டாலரை வாடிக்கையாளரிடம் கேட்பது உங்களுக்குச் சிரமம்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம்: இதற்குப் பொறுப்பு யார்?

நீங்கள் எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய ஓனரின் எல்எல்சியையோ கார்ப்பரேஷனையோ அப்படியே வாங்கியிருந்தால், சீட்டு விற்றது அந்தக் கம்பெனி. அந்தக் கம்பெனி இப்போது உங்களுடையது. பேச்சே இல்லை, கடன் உள்ளேயே இருக்கிறது. கம்பெனியை விட்டுவிட்டு நாற்காலி, மெஷின், லீஸ், பெயர் என்று சொத்துகளை மட்டும் வாங்கியிருந்தால், பொதுவாக விற்றவரின் கடன் உங்கள் தலையில் விழாது. விதிவிலக்குகள் உண்டு: கடனை ஏற்றுக்கொள்வதாக நீங்கள் சொல்லியிருந்தாலோ, உங்கள் நடத்தையிலிருந்து அப்படித் தெரிந்தாலோ, இரண்டு வியாபாரமும் ஒன்றாகவே இணைந்துவிட்டது போலிருந்தாலோ, புதுக் கடை பழைய கடையின் வெறும் தொடர்ச்சியாக இருந்தாலோ, கடன்காரர்களை ஏமாற்றவே கை மாற்றியிருந்தாலோ பொறுப்பு வரும். பெயரை வைத்துக்கொண்டதால் மட்டும் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் வெப்சைட்டில் ‘எங்கள் கிஃப்ட் சர்டிபிகேட்டுகள் ஏற்கப்படும்’ என்ற பழைய வரி இன்னும் கிடந்து, நீங்களும் நான்கு பேருக்குச் செய்துவிட்டு ஐந்தாமவரைத் திருப்பி அனுப்பினால், அந்த ஐந்தாமவரின் வக்கீலுக்கு அதுவே போதும்.

ஆகவே ஒப்பந்தத்தை எடுத்து, ஏற்றுக்கொண்ட கடன்கள், ஏற்றுக்கொள்ளாத கடன்கள் என்ற தலைப்புகளைத் தேடுங்கள். ‘கிஃப்ட் சர்டிபிகேட்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா? வாங்கியவருக்கு வரும் நஷ்டத்தை விற்றவர் ஈடுகட்ட வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா? சலூன் கைமாறும்போது பேசி முடிக்க வேண்டிய முதல் சங்கதி, விற்றும் இன்னும் பயன்படுத்தாமல் வெளியில் நிற்கும் சர்டிபிகேட்டுகளின் மொத்தத் தொகை. அதை விலையில் கழித்துக்கொள்வதுதான் முறை. பெரும்பாலானவர்கள் ஹேர் டிரையரை எண்ணுகிறார்கள், இதை எண்ணுவதில்லை.

எண்ணாமல் விட்டிருந்தாலும் பழைய ஓனரிடம் கேட்க உங்களுக்கு நல்ல பிடி ஒன்று இருக்கிறது. 1749.6-ஆம் பிரிவின்படி, சர்டிபிகேட்டின் மதிப்பு அதை வைத்திருப்பவருக்குச் சொந்தம்; விற்ற கடை அதை நம்பிக்கைப் பொறுப்பாக மட்டுமே வைத்திருக்கிறது. திவால் மனு போட்டாலும் மதித்தாக வேண்டும் என்பது வரை இந்தப் பிரிவு போகிறது. ஆக, அவர் பையில் போட்டுக்கொண்டு போனது லாபம் இல்லை, இன்னும் சேவை கொடுக்காத வாடிக்கையாளர்களின் பணம். கவுண்டருக்கு வரும் ஒவ்வொரு சீட்டையும் போட்டோ எடுத்து, தேதி, தொகை, செய்த வேலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, மொத்தத்தைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். தராவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் போதும்: தனிநபர் பெயரில் 12,500 டாலர் வரை, கார்ப்பரேஷன், எல்எல்சி பெயரில் 6,250 வரை கேட்கலாம். எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட 4 வருடம் அவகாசம். எழுத்தில் ஒன்றுமே இல்லையென்றால் காலம் இதைவிடக் குறைவு, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை வருபவர்களை என்ன செய்வது? செய்துகொடுங்கள் என்றுதான் சொல்வேன். சட்டப்படி மறுக்க வழி இருந்தாலும், அதே போர்டின் கீழே நின்று ‘அது வேறு ஓனர்’ என்று சொன்னால் வாடிக்கையாளர் நம்ப மாட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘பழைய ஓனர் கணக்கு’ என்று சொல்லி அந்த மசாஜ் செய்த ஊழியரின் சம்பளத்தையோ கமிஷனையோ குறைக்கக் கூடாது. அவருக்கும் பழைய ஓனருக்கும் இந்த விவகாரத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

டிசம்பர் சீட்டு. காலாவதித் தேதி வேண்டாம். பயன்படுத்தாத மாதங்களுக்குக் கட்டணம் கழிப்பதும் வேண்டாம். சேவையின் பெயரைப் போடாமல் டாலர் தொகையைப் போடுங்கள், விலை ஏறினால் கையைக் கடிக்காது. வரிசை எண் கட்டாயம் இருக்கட்டும். மீதித் தொகை சிறிதாக இருந்து பணமாகக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். 10 டாலருக்குக் கீழ் என்றிருந்த அந்த வரம்பு 2026 ஏப்ரல் 1 முதல் 15 டாலருக்குக் கீழ் என்று ஆகிறது. கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு இதைச் சொல்லிவையுங்கள். புகார்கள் கிளம்புவது பெரும்பாலும் அங்கேதான்.

‘100 டாலருக்கு வாங்கினால் 20 டாலர் இலவசம்’ என்று கொடுக்கலாமா என்றால், தாராளமாக. இலவசமாகத் தரும் அந்த 20-க்குக் காலாவதித் தேதி வைக்கலாம், அதற்குக் காசு வாங்கவில்லையே. ஆனால் இரண்டையும் ஒரே கார்டில் 120 என்று போட்டுக் குழப்பாதீர்கள். தனிச் சீட்டாக அடித்து, விளம்பரத்துக்காகத் தருவது என்பதையும் தேதியையும் முன்பக்கத்திலேயே போடுங்கள். அந்தத் தேதி வரி ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், குறைந்தது 10 பாயின்ட் அளவில் இருக்க வேண்டும்.

அப்புறம் டிப்ஸ். மீதித் தொகையை ‘அந்தப் பெண்ணுக்கு டிப்ஸாகக் கொடுத்துவிடுங்கள்’ என்று சில வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். டிப்ஸ் ஊழியருடைய சொத்து என்கிறது லேபர் கோடின் 351-ஆம் பிரிவு. நீங்கள் சரி என்று வாங்கிக்கொண்டால் அதை முழுதாக அவர் கையில் கொடுத்தாக வேண்டும். பழைய ஓனர் விற்ற சீட்டாக இருந்தால் அந்தப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். அந்தச் சீட்டுகளுக்கு மட்டும் ‘டிப்ஸ் தனியாக’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அதில் தப்பில்லை.