90 சதவீதத்தில் உங்கள் தெரு எங்கே?

கேள்வி: எங்கள் ஊராட்சி வளர்ச்சிக் குறியீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறதாம். ஆனால் ஆதிதிராவிடர் தெருப் பெண்கள் நாங்கள் இன்னும் ஊர்த்தெருவுக்குத்தான் குடத்தோடு போகிறோம். பணம் கொடுத்தால் தனியாக சர்வே எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? (மகளிர் குழு உறுப்பினர்)

பதில்: கொடுக்காதீர்கள். அப்படிக் காசு கொடுத்து வாங்கிய ஒரு அறிக்கையைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பான அட்டை, உள்ளே மூன்றாம் பக்கத்தில் வேறு ஊராட்சியின் பெயர். அதை அழிக்கக்கூட எழுதித் தந்தவருக்கு நேரமில்லை.

மதிப்பெண் பொய் என்று நான் சொல்லவில்லை. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒன்பது தலைப்புகளில் ஊராட்சிகளை அளக்கிறது. சமூக நீதி ஒன்று, மகளிருக்கு உகந்த ஊராட்சி இன்னொன்று. ஆனால் கடைசியில் வருவது ஊராட்சி முழுமைக்குமான கணக்கு. 400 வீட்டில் 360 வீட்டுக்குக் குழாய் இருந்தால் 90 சதவீதம். விட்டுப்போன 40 வீடும் உங்கள் தெருவிலேயே இருந்தாலும் அதே 90தான். தெருவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று எத்தனை பயிற்சிக் கூட்டத்தில் கேட்டாயிற்று!

ஒரு நோட்டு போதும். தெருவாரியாக வீடு எத்தனை, குழாய் எத்தனை, தண்ணீர் எப்போது வருகிறது, குடம் தூக்குவது யார் என்று நீங்களே எழுதுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். பெண் தலைமையில் நடக்கும் குடும்பங்களையும் அதே நோட்டில் எழுதுங்கள், ஆனால் ரேஷன் அட்டையைப் பார்த்து எண்ணாதீர்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த மூத்த பெண்தான் அட்டையில் குடும்பத் தலைவி. அதனால் கணவர் சம்பாத்தியத்தில் நடக்கும் வீட்டிலும் தலைவி இருப்பார். கணவர் விட்டுப்போய், அண்ணன் வீட்டு அட்டையில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்ணோ எந்தக் கணக்கிலும் வரமாட்டார். தனியாகச் சமைக்கிறாரா, பிள்ளைகளின் செலவை யார் பார்க்கிறார் என்று வீட்டு வாசலில் நின்று கேட்டால்தான் தெரியும்.

அப்புறம், நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். குறியீட்டுக்காக ஊராட்சி அனுப்பிய விவரங்களின் நகல் தர மறுத்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தரவேண்டும்.

கூட்டத்தில் முதலில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் தெருவின் பெயரும் அங்கே குழாய் இல்லாத வீடுகளின் எண்ணிக்கையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறி, சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.