உண்ணிச்செடியை எத்தனை முறை வெட்டினாலும் திரும்பத் தழைப்பது ஏன்? எப்படி ஒழிப்பது?

தரைமட்டத்தில் வெட்டுவதுதான் தவறு. தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, தூங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே அரிவாளை வைத்தால் ஒரு தண்டுக்குப் பதில் ஐந்தாறு கிளம்பும். தீ வைத்தாலும் இதே கதைதான். கூடவே மற்ற செடிகளும் புல்லும் கருகி, அதற்கு இடம் விட்டுக் கொடுக்கும்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பிடிக்கும் முன் இறங்குங்கள். தூரைச் சுற்றி மண்ணைத் தள்ளி, மேல்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைக் குந்தாலியால் வெட்டுங்கள். புதரை அப்படியே தூக்கி, தூர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரமண்ணில் படிந்து கிடக்கும் தண்டு வேர்விட்டுவிடும். ஜேசிபி வேண்டாம்: மண்ணைப் புரட்டினால் புதைந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும்.

இத்தோடு விட்டால் உழைப்பு வீண். கருநிறப் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவியும் மைனாவும் உட்காரும் மரத்தடிகளில்தான் நாற்றுகள் முதலில் தலைகாட்டும். இரண்டு, மூன்று ஆண்டு மழைக்காலம்தோறும் அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். வெறுந்தரையில் உள்ளூர்ப் புல் விதைகளைத் தூவுங்கள். முதுமலை போன்ற காடுகளில் மானும் காட்டெருமையும் இழந்தது அந்தப் புல்லைத்தான். உண்ணி இலை கால்நடையின் ஈரலைக் கெடுக்கும், அதனால் மேய்த்து ஒழிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

வெட்டிய தண்டு வீணில்லை: வேகவைத்துப் பட்டை உரித்தால் நாற்காலி பின்னலாம்.