பிரஷர் இல்லாதவர்களும் உப்பைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: "வயது 34. பிரஷர், சுகர் எதுவும் இல்லை. நானும் உப்பைக் குறைக்க வேண்டுமா?"

ஆமாம் என்றுதான் சொல்வேன். தூத்துக்குடிக்காரன் இப்படிச் சொன்னால் ஊருக்குள் விட மாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. இதே சந்தேகம் வந்து வீட்டில் கணக்கெடுத்துப் பார்த்தவன், அவ்வளவுதான்.

ஒரு கிலோ தூள் உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்றே அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைத்தேன். வீட்டில் நான்கு பேர். 26 நாளில் தீர்ந்துவிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 9.6 கிராம். மீன் அலசப் போட்டதும் வடிகஞ்சியோடு போனதும் அதில் கொஞ்சம் கழியும். ஆனால் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர் எதுவும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். இது நோயாளிகளுக்கு மட்டும் சொன்னதல்ல, பெரியவர்கள் எல்லோருக்குமானது. உப்பைக் குறைப்பது என்றதும் பத்தியச் சாப்பாடு என்று பயந்துவிடுகிறோம். இரண்டு பங்கு போடுகிற இடத்தில் ஒரு பங்கு போடச் சொல்கிறார்கள், அவ்வளவே.

"கிட்னி நல்லா இருந்தா கூடுதல் உப்பை அதுவே தள்ளிடுமே?" என்று நண்பன் கேட்டான். தள்ளும்தான். அதுவரை உப்போடு தண்ணீரும் உடம்பில் தங்கி, ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு ஏறாது. வயது ஏற ஏற இந்தப் பாதிப்பும் கூடும். 2001-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 412 பேருக்கு மூன்று வெவ்வேறு உப்பு அளவுகளில் மாதக்கணக்கில் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். உப்பு குறையக் குறைய, பிரஷர் இல்லாதவர்களுக்கும் அழுத்தம் இறங்கியது. பிரஷர் இருந்தவர்களுக்கு இறங்கிய அளவுக்கு இல்லை, ஆனால் இறங்கியது.

எதிர்வாதமும் உண்டு. 2014-ல் 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த 'ப்யூர்' ஆய்வு வெளியானது. நாளைக்கு 7.5 முதல் 15 கிராம் வரை உப்பு சாப்பிட்டவர்களுக்கே ஆபத்து குறைவு, அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் கூடுகிறது என்றது அது. அந்தக் கணக்கில் என் 9.6 கிராம் அழகாக உள்ளே உட்கார்ந்துவிடும்! எனக்குப் பிடித்த முடிவுதான். ஆனால் அவர்கள் காலையில் ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரை வைத்து அன்றாட உப்பை மதிப்பிட்டார்கள். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளப்பதே நம்பகமான முறை. தவிர, ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் சாப்பாடே குறைந்தவர்களும் 'குறைந்த உப்பு' பட்டியலில் சேர்ந்திருக்கலாம் என்ற விமர்சனமும் உண்டு. அதனால் நான் 5 கிராம் பக்கமே சாய்கிறேன், அதற்கும் கீழே போக முயலவில்லை.

இன்னொன்று, "பிரஷர் இல்லை" என்கிறீர்களே, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அது ஏறினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது.

உப்பளத்திலோ வயலிலோ வெயிலில் நின்று வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. லோ பிரஷரில் தலைசுற்றல் வருகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். இந்துப்புக்கு மாறினால் போதும் என்பவர்களுக்கு: அதுவும் சோடியம் குளோரைடுதான், பெரும்பாலும் அயோடின் சேர்க்காதது. கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் வாங்கவே வேண்டாம்.

நாங்கள் முதலில் நிறுத்தியது சோற்றுக்கு உலையில் போடும் உப்பை. குழம்பில் உப்பு இருக்கும்போது சோற்றிலும் எதற்கு? அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏல, எனக்கும் பிரஷர் இல்ல, ஒனக்கும் இல்ல, பொறவு யாருக்குல பத்தியம்?" என்றார். முதல் பத்து நாள் வீட்டில் எல்லோருக்கும் சப்பென்றுதான் இருந்தது. ஒரு மாதம் போனதும் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஓட்டல் சாம்பார்தான் கரிக்கிறது. மோர் சாதத்துக்குத் தனி உப்பு, கொய்யாவுக்கு உப்பு மிளகாய்ப்பொடி இரண்டையும் நான் விட்டேன். மாங்காய்க்கு மட்டும் விடவில்லை, விடவும் மாட்டேன்.

பாக்கெட் பொருள் வாங்கும்போது சோடியம் அளவைப் பாருங்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறக்குறைய 1 கிராம் உப்பு. சில பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் இருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

இப்போது அதே ஒரு கிலோ பாக்கெட் 36 நாள் வருகிறது, தலைக்கு 7 கிராமுக்குச் சற்றுக் கீழே. ஊறுகாய் பாட்டில் மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறது. யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.